பெரியவர்களுக்கு அனுமதி இல்லை

ஜன்னலுக்கு வெளியே அந்த ஆள் மறுபடியும் வந்து நின்றான். காதைக் கம்பியோடு ஒட்ட வைத்திருந்தான். அனுப்பிரியா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணா, பெரியவங்க யாரும் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேனே."

"நா எதுவும் பேசலியே மேடம். சும்மா நின்னுகினு கீறேன்."

"நீங்க நின்னாலே பசங்க பேச மாட்டாங்க. அந்த மரத்துகிட்ட போய் உட்காருங்க, ப்ளீஸ்."

துரைராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். கட்டட வேலைக்காரன். சிமென்ட் அரித்த கால். இன்றைக்கு வேலைக்கும் போகவில்லை.

முடிச்சூர் அங்கன்வாடிக் கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். அவர்கள் பேசுவதைக் கேட்டுவரச் சொல்லி ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் அனுப்பிரியாவை அனுப்பியிருந்தது. நடுவில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம்.

"அக்கா, கரெக்டா சொன்னா மார்க் உண்டா?" என்றான் ஜாய்சன்.

"இதுல ரைட்டு, தப்புன்னு எதுவும் இல்லடா."

"அப்புறம் எதுக்குக்கா கேக்குறீங்க?"

கூடமே சிரித்தது. சிரித்ததில் சத்தமாகச் சிரித்தவள் சினேகா. துரைராஜின் மகள், ஐந்தாம் வகுப்பு. பந்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினாள். மிஸ் எப்படி நடப்பார், மழை வந்தால் வீட்டுக்குள் என்னென்ன மிதக்கும், எந்த நாய் எந்த வீட்டு வாசலில் குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அம்மா செத்தன்னிக்குக் கூட செம்ம மழக்கா," என்றாள் நடுவில். "எங்கப்பா கோவளத்துல காங்கிரீட் போட்டுகினு இருந்தாரு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தாரு."

அனுப்பிரியா குரலைத் தணித்துக்கொண்டாள். "இப்ப வீட்ல யார்கிட்ட நிறையப் பேசுவே?"

"வூட்ல நான் பேச மாட்டேன்க்கா."

"ஏம்மா?"

"அப்பா இருப்பாரு." பந்தை ஜாய்சன் பக்கம் தள்ளிவிட்டாள்.

அனுப்பிரியாவுக்குக் கூட்டத்துக்கு முன்னால் பார்த்தது ஞாபகம் வந்தது. கூட்டிக்கொண்டு வந்து விட்டபோது, "தண்ணி எட்துகினியா?" என்று அந்த ஆள் கேட்டான். இந்தப் பெண் அவன் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து, சமோசாவும் ஜூஸும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பினார்கள். சினேகா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். மரத்தடியில் அப்பா எழுந்து நின்றதும், பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்து போய்விட்டாள்.

துரைராஜ் அவள் பின்னால் போகவில்லை. நேராக அனுப்பிரியாவின் ஸ்கூட்டியிடம் வந்தான். தெருவில் வேறு யாரும் இல்லை.

"மேடம், அந்த மிஷின்ல எல்லாம் பதிஞ்சிருக்குமா?"

"அதை நீங்க கேக்கக் கூடாதுண்ணா."

"எம்பொண்ணு பேசனதும் கீதா?"

"பசங்க பேசினதை வீட்ல யாருக்கும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்."

"கொஞ்சூண்டு போட்டுக் காட்டுங்க மேடம். நா யாராண்டயும் சொல்ல மாட்டேன்." ரெக்கார்டர் இருந்த பையின் வாரை அவன் பிடித்துக்கொண்டான்.

"கையை எடுங்க." ஒரு கையில் போனைத் தயாராக வைத்துக்கொண்டாள். குழந்தைகள் உதவி எண் திரையில் இருந்தது. "'என்ன சொன்னே?'ன்னு கேட்டு அவளை மிரட்டினீங்க, அடிச்சீங்கன்னு தெரிஞ்சா, அடுத்து நான் வர மாட்டேன். போலீஸ்தான் வரும்."

துரைராஜ் வாரை விட்டுவிட்டான். வெயிலில் நின்றே கறுத்த முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"அவ சொன்னது எதுவும் எனக்கு வேணாம் மேடம். என்னைத் திட்டியிருந்தாலும் திட்டிட்டுப் போவட்டும்," என்றான். "அவங்கம்மா போனதுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. தெருல பேசிகினு இருந்தாலும் என் தல தெரிஞ்சா நிறுத்திடும்."

அனுப்பிரியாவின் விரல் போனை விட்டு நகர்ந்தது.

"குரல் இப்ப எப்டி கீதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."