கோணல் லாரி

"கைய எடுக்காதீங்க! எடுத்தா டயர் கழண்டு விழும்!"

தங்கபாய் போட்ட சத்தத்தில் தாசையன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் சோடா மூடி அளவுக்கு ஒரு டயர். அது ஒட்டியிருந்தது ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் லாரியில்.

கிழக்கேகோட்டையில் மஹேஷின் பொம்மைக்கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் அறை அது. காலையிலிருந்து மழை. அந்த ஈரத்தில் பசை காயவே மாட்டேன் என்றது.

"மணி என்னடி?"

"மூணேகால். பார்ட்டி நாலு மணிக்கு வருவாங்க. மணியைக் கேக்காம வண்டியைப் பாருங்க."

முப்பது வருஷம் சாலைக் கம்போளக் கடைவீதியில் லாரிக்கு மூட்டை ஏற்றினவர் தாசையன். போன வருஷம் இடுப்பு போனது. அதோடு சுமை வேலையும் போனது. அவர் மனைவி தங்கபாய் இந்தக் கடையில் கூட்டித் துடைக்கிறவள். அவள் கெஞ்சிக் கேட்டதில்தான் மஹேஷ் இந்த வேலையைக் கொடுத்தான். யாரோ ஆபீஸ்காரர்கள் வாங்கிக் கொடுத்த பெட்டியில் இருக்கும் துண்டுகளை ஒட்டி முழு லாரி ஆக்கவேண்டும். மொத்தம் இருபது பெட்டி.

"முதல் வண்டி பார்ட்டிக்குப் பிடிச்சா மீதி பத்தொம்பதும் உங்களுக்கு அண்ணே. அப்புறமும் வேலை தரேன். பிடிக்கலன்னா என்னைக் குறை சொல்லப்படாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

உட்கார்ந்து செய்கிற வேலை தாசையனுக்கு இனி எங்கே கிடைக்கும்?

பெட்டியைப் பிரித்தபோதே லாரியின் அடித்தட்டு வளைந்து கிடந்தது.

"ஏத்த வாழைக்கா கூட இதைவிட நேரா இருக்குமே!" என்றாள் தங்கபாய்.

வெந்நீரில் போட்டு எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அவளையே ஏறி உட்காரச் சொல்லி நிமிர்த்தினார். அச்சுக் கம்பி ஒல்லி, டயர் ஓட்டை பெரிசு. கம்பியில் நூல் சுற்றி இறுக்கினார். கண்ணாடி பால் ஊற்றினதுபோல் மங்கல். பழைய சட்டைப் பெட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடியை வெட்டி வைத்தார். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. தங்கபாய் தன் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து நாலு பருக்கை எடுத்து மசித்துக் கொடுத்தாள்.

"ஆபீஸ்காரங்களுக்கு லாரி பொம்மை எதுக்காம்?"

"ஷோகேஸ்ல வச்சு அழகு பாக்கவா இருக்கும். நமக்கென்ன?" என்றாள் தங்கபாய்.

மஹேஷ் தலையை நீட்டினான். "அண்ணே, ஆச்சா? மேடம் தம்பானூர்ல ஆட்டோ ஏறிட்டாங்களாம்."

"இன்னும் நாலு மணி ஆகலியே!"

"மழைக்குப் பயந்து நேரத்தோட கிளம்பிட்டாங்க."

தம்பானூரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். தாசையன் கடைசித் துண்டைக் கையில் எடுத்தார். குட்டி ஸ்டியரிங். டிரைவர் இருக்கிற இடத்தில் வைக்கப் போனவர் திடுக்கிட்டார்.

"அடப் பாவி! கம்பெனிக்காரன் ஸ்டியரிங் ஓட்டைய இடதுபக்கம் போட்டிருக்கான்!"

"பெட்டியில வந்த காகிதத்துலயும் அப்பிடித்தானே படம் இருக்கு?"

"காகிதமும் அவன் அடிச்சதுதானே? டயர் ஓட்டையே ஒழுங்காப் போடத் தெரியாதவன் இத ஒழுங்காப் போடுவானா?"

"இத யாரு உள்ள எட்டிப் பாக்கப் போறா? இருக்கிற ஓட்டையில ஒட்டி விடுங்க. ஆட்டோ வந்திரும்."

"எடி, முப்பது வருஷம் லாரியில லோடு ஏத்தினவனாக்கும் நான். டிரைவர் எந்தப் பக்கம் இருப்பான்னு எனக்குத் தெரியாதா? இடதுபக்கம் கிளீனர் உக்காருற எடம். லாரி தெரிஞ்சவன் பாத்தா காறித் துப்புவான். மெழுகுதிரியக் கொளுத்து!"

ஊசியைத் தீயில் காட்டி வலதுபக்கம் குத்தினார். பிளாஸ்டிக் இளகிப் புகைந்தது. கொஞ்சம் கூடினால் முன்பக்கம் முழுவதும் உருகிவிடும். விரல் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். தங்கபாய் கண்ணை மூடி "கர்த்தாவே, கர்த்தாவே" என்றாள். ஓட்டை விழுந்தது. ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒட்டி, பழைய ஓட்டையை மெழுகால் அடைத்து, தாசையன் ஊதி ஊதிக் காயவைக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது.

குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள் திவ்யலட்சுமி. வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. நாற்பது வயசு இருக்கும். மஹேஷ் லாரியை மேசைமேல் வைத்தான். தாசையனும் தங்கபாயும் சுவரோரமாக நின்றார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் மெல்லத் தள்ளினாள். லாரி நொண்டி நொண்டி ஓடியது.

"டயர் ஆடறதே."

தாசையன் சுட்ட விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"சாரமில்லை, பரவாயில்லை. கதவு கொஞ்சம் கோணல். அதுவும் சாரமில்லை. மோசமான சாமான், எனக்குத் தெரியும். இந்த மட்டும் நிறுத்தினதே பெரிசு."

தங்கபாய் தாசையனின் கையைப் பிடித்து அழுத்தினாள். மஹேஷ் சிரித்தான். "அப்போ மீதி பெட்டியும் பிரிச்சிரலாமா மேடம்?"

திவ்யலட்சுமி லாரியைக் கையில் எடுத்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"ஸ்டியரிங் எப்படி இந்தப் பக்கம் வந்தது?"

தாசையன் ஒரு அடி முன்னே வந்தார். இடுப்பு வலியை மறந்து நிமிர்ந்து நின்றார். "அவன் தப்பாப் போட்டிருந்தான் மேடம். நான் சரியாக்கிட்டேன்."

அவள் லாரியை மெல்லக் கீழே வைத்தாள்.

"சவுதிக்கு லாரி ஓட்டப் போற பையன்களுக்குக் கிளாஸ் எடுக்கறேன் அண்ணா. அங்கே இடதுபக்கம் உக்காந்துண்டுதான் ஓட்டணும், அதைக் காட்டத்தான் ஊரெல்லாம் தேடி இந்த மட்ட சரக்கை வாங்கினேன். இதுலே சரியா இருந்தது அது ஒண்ணுதான்."