புளியங்கொட்டையின் கண்

பாறை நிழலில் ஆமையும் அணிலும் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தன. அணில்தான் வில்வீரன். எதிரே நின்ற அரக்கன், சுண்ணாம்பால் இரண்டு கண் வரைந்த ஒரு புளியங்கொட்டை. அவனுக்காகப் பேசுவதும் பகடை உருட்டுவதும் ஆமை.

"எத்தனை அம்பு விட்டாலும் 'அடி பட்டது'ன்னு மட்டும் சொல்றீங்களேண்ணே, சப்புனு இருக்கு," என்று அணில் சலித்துக்கொண்டது. "எங்கே அடிக்கிறேன்னு நானே சொல்றேன். ஆறு விழுந்தா அந்த உறுப்பு போச்சு. இதை நம்ம ஆட்டத்துக்கு விதியா வெச்சுக்குவோம்."

ஆமை தலையாட்டியது.

"கண்ணு!" என்று கத்தி அணில் பகடையை உருட்டியது. ஆறு விழுந்தது. ஆமை புளியங்கொட்டையின் ஒரு கண்ணைத் துடைத்துவிட்டது. அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குதியாட்டம் போட்டது.

"இப்போ அரக்கன் முறை. உன் வில் பிடிக்கிற கையைக் குறிவைக்கிறான்," என்றது ஆமை.

அணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவனுக்குமா இந்த விதி?"

பகடை உருண்டது. ஆறேதான்.

"ஐயோ அண்ணே! கையில்லாம எப்படி வில் பிடிப்பேன்? இந்த விதியே வேண்டாம், எடுத்துடுங்க!" அணில் அழாத குறையாகக் கெஞ்சியது.

ஆமைக்கு மனசு இளகிவிட்டது. "சரி, எடுத்துடலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

"இதை என் கண்ணைத் துடைக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே," என்றது ஒரு குரல்.

இரண்டும் சட்டென்று திரும்பின. அதுவரை வாயே திறக்காத புளியங்கொட்டை, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அணிலையே பார்த்துக்கொண்டிருந்தது.