வேடியப்பனுக்கு எண்ணெய்க் காப்பு

"மக்களே, நல்லாப் பாத்துக்குங்க! இந்தக் கல்லுல இருக்கிற எழுத்தை உலகத்துக்கே தெரியாம மறைச்சு வெச்சிருக்காங்க. யாரு மறைச்சது? எதுக்கு மறைச்சாங்க?"

கம்பைநல்லூர்ப் பக்கம், சோளக்காட்டு ஓரத்து வேடியப்பன் கோயில் முன்னால் நின்று நேரலையில் முழங்கினான் கலைமணி.

அவன் சேனலுக்குப் பெயர் 'புதைத்த உண்மை'. ஒன்பதடி மனிதனின் எலும்பைத் தக்காளி லாரியில் போட்டு டெல்லிக்குக் கடத்திவிட்டார்கள் என்று போன மாசம் சொன்னான். தொடை எலும்பு மட்டும் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். பின்னால் வருகிற வண்டிக்குத் தெரியட்டும் என்று சிவப்புத் துணி கட்டியிருந்தார்களாம். லட்சம் பேர் பார்த்தார்கள்.

"எழுத்து மேல இருக்கிறது எண்ணெய்ப் பிசுக்கு, தம்பி," என்றார் பூசாரி கருப்பண்ணன். "வருசா வருசம் உங்க வூட்டுக்காரங்கதான் ஊத்துறாங்க. உள்ள என்ன உருவம் இருக்குன்னு நானே பாத்ததில்ல."

"லைவ் ஓடுது, சும்மா இருங்கண்ணே!"

மறுநாள் வேடியப்பனுக்குப் பொங்கல். கல்லில் நிற்கும் வீரன் தங்கள் முப்பாட்டன் என்று சொல்லித்தான் கலைமணி குடும்பம் இத்தனை காலமும் முதல் மாலை மரியாதை வாங்கி வந்தது. இந்த வருசம் மேலத்தெரு மாது ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டான். ஆதாரம் காட்டாவிட்டால் மாலை கைமாறிவிடும்.

அதனால்தான் பொம்மிடியிலிருந்து காவியாவை வரவழைத்திருந்தான். வேடியப்பனைப் போல, சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். வாளித் தண்ணீரும் சீயக்காயும் பிரஷ்ஷுமாகக் கல் முன்னால் உட்கார்ந்தவளை, "இந்த மேடமும் அந்த மறைச்சவங்க ஆளுதான். கண்ணை எடுக்காமப் பாருங்க மக்களே," என்று அறிமுகப்படுத்தினான்.

தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு அடை அடையாகப் பெயர்ந்தது. எழுத்து தெரிந்தது.

"முழுசாப் படிக்கணும் மேடம். ஒரு எழுத்தை முழுங்கினாலும் விடமாட்டேன்!"

"பழைய தமிழுங்க, இன்னைக்குப் புரியிற மாதிரி படிக்கிறேன். 'திருடர்கள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, மந்தைக்குக் காவல் நின்ற காடன்...'"

"காடன்!" துள்ளிக் குதித்தான் கலைமணி. "மக்களே, எங்க தாத்தா பேரு காடன்! அவரோட தாத்தா பேரும் காடன்! இந்தக் காடன்தான் எங்க முப்பாட்டன். மாது, பாத்துக்கிட்டு இருக்கியாடா?"

"இன்னும் முடியலைங்க."

"படிங்க, படிங்க!"

"'காடன் புதருக்குள்ளே...'"

கலைமணியின் கட்டைவிரல் தானாகப் போய் நேரலையை அணைத்தது.

"'...ஓடி ஒளிய, அவன் வளர்த்த நாய் எதிர்த்து நின்று செத்தது. அந்த நாய்க்கு ஊரார் நட்ட கல்.' கீழ பாருங்க, வால் தெரியுது."

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டவர் போயிருச்சு," என்றான் கலைமணி. போனில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. "மேடம், எழுத்து தேஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க."

"மறைக்கச் சொல்றீங்களா?"

"மறைக்கிறதில்லைங்க. வம்சத்து மானம் இருக்குதுல்ல?"

"ஓடினவர் பேரையே ஒளிக்காம வெட்டி வெச்சிருக்காங்க. நான் எப்படிங்க ஒளிக்கிறது?"

கல்லைப் படம் எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அண்ணே, எண்ணெயை எடுங்க."

"பொங்கல் நாளைக்குத்தானே தம்பி?"

"எடுங்கன்னா!"

பூசாரி தூக்குப்போணியை நீட்டினார். கல்லில் கை வைக்கவில்லை.

"நீங்களே பூசுங்க தம்பி. உங்க முப்பாட்டன் உசுரைக் காப்பாத்துன சாமி. உங்க கையால செஞ்சாத்தான் மொறை."

கலைமணி எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பினான். எழுத்தின் மேல் அப்பினான், வாலின் மேல் அப்பினான். ஒரு எழுத்தை விடவில்லை.

நாளைக்கு அந்தப் பெண் எதை வெளியிட்டாலும் பொய் என்று ஆக்கிவிட வேண்டும். போனை எடுத்தான். விரலெல்லாம் எண்ணெய், கைரேகை பதியவில்லை. வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தான். ஒருவழியாகத் திறந்தது.

புது வீடியோவுக்குத் தலைப்பு அடித்தான்:

"வீரன் காடன் கல்வெட்டை எண்ணெய் பூசி மறைத்த பெண்! அரசே, பதில் சொல்!"