பிறந்த வீட்டுக் கோடி

மடியில் இருந்த புடவையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் நூனே அம்மாள். செத்துப்போனவனின் தாய். இந்தப் பக்கம் அவர். நடுவில் அவர் மகள் உலகம்மை.

அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வார். உலகம்மை அதை ஆர்மீனிய மொழியில் மாமியாருக்குச் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

தமிழ் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவர் சொன்ன சொல் அப்படி. மருத்துவம் படிக்க ஆர்மீனியாவுக்குப் போன மகள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று செய்தி வந்த அன்று, பாளையங்கோட்டை வீட்டில், சொந்தம் அத்தனையும் கூடியிருந்த கூடத்தில் நின்று சொன்னார். இனி அவளோடு ஒரு வார்த்தை பேசினால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை.

ஏழு வருடமாகப் பேசவில்லை.

இப்போதும் பேசவில்லை. விமான நிலையத்தில் அவள் "அப்பா" என்றாள். கார் எங்கே நிற்கிறது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். வழியில் போகிற யாரிடமோ கேட்பதுபோல.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மகள்தானே. அதற்குப் பிறகு அவளும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

மலைப் பாதையில் லாரி கவிழ்ந்து அவள் கட்டிக்கொண்டவன் போனான். இங்கே பதினாறாம் நாள் கிடையாது. நாற்பதாம் நாள் விருந்துதான். உறவுக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் ரொட்டியும் தேநீரும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

நூனே அம்மாள் அவருடைய காலைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றியவர், அவர்கள் நீட்டிய கம்பளிச் செருப்பை வேண்டாம் என்றிருந்தார். சாவு வீட்டில் என்ன செருப்பு? பனி கொட்டுகிற ஊரில் வெறுங்காலோடு இருந்தார்.

இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு, என்ன நாள் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்தக் காலோடு உட்கார்ந்திருந்தால் அடுத்த சாவுச் சோறும் நானே ஆக்க வேண்டிவரும் என்கிறார்." உலகம்மை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. காலை மட்டும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பிறகு புடவையைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "ஒரு பெண்ணுடைய..."

நின்றார்.

முப்பது வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மொழி. சொல் தெரியாமல் இல்லை. அவனை 'அந்தப் பயல்' என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்திருந்தார்.

"ஒரு பெண்ணுடைய கணவன் இறந்தால், பிறந்த வீட்டார் அவளுக்குப் புடவை எடுத்துப் போட வேண்டும்."

கணவன்.

கல்யாணமே இல்லை என்றவன் கோடி எப்படிப் போடுவான்? ஊரில் பெட்டி கட்டும்போது மனைவி இதைக் கேட்கவில்லை. புடவையை மடித்து மேலாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உலகம்மை முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்.

நூனே அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்து, நேராக அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். முகத்தில் குத்தல் எதுவும் இல்லை.

மேசையே அவர் பதிலுக்குக் காத்திருந்தது.

உலகம்மை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன கேட்கிறார் என்றார் ஆங்கிலத்தில். மறுபடியும் கேட்டார்.

"சாவுக்கே இவ்வளவு தூரம் புடவை கொண்டுவருகிற வீடு, கல்யாணத்துக்கு எப்படிப்பட்ட புடவை கொடுத்திருக்கும் என்கிறார். இவள் அதை எனக்குக் காட்டியதே இல்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்கிறார்."

அவர் வாயைத் திறந்தார்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அது ஒன்றுதான் முடிந்தது.

உலகம்மை மாமியார் பக்கம் திரும்பினாள்.

அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் அவள் மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.

நீளமாகச் சொன்னாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் அகல விரித்தாள். கரை. தோளிலிருந்து முழங்கால்வரை கையை இறக்கினாள். முந்தி. விரல் நுனிகளைக் குவித்துக் குவித்துக் காற்றில் புள்ளி வைத்தாள். உடலெங்கும் பூ. இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு கனம். பிறகு அவரைச் சுட்டிக் காட்டி, தன் தலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஆசீர்வாதம்.

ஒரு கிழவி குறுக்கே எதையோ கேட்டாள். அதற்கும் தயங்காமல் பதில் வந்தது. கடைசியில் ஜன்னல் பக்கம், வெகுதூரத்தைக் காட்டினாள். அங்கே, அம்மாவின் பீரோவில்.

யாரும் எடுக்காத பட்டு ஒன்று அந்த மேசைமேல் முழுசாக விரிந்து கிடந்தது.

நூனே அம்மாள் கண்ணைத் துடைத்தாள். எழுந்து வந்து அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். அதை உலகம்மை மொழிபெயர்க்கவில்லை.

கையை இழுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

"ஏட்டி," என்றார். "என்ன கலருன்னு சொன்ன?"

பழக்கத்தில் அவள் நூனே அம்மாள் பக்கம் திரும்பி, அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

அவர் கேட்டது தமிழில்.

மெல்ல, இந்தப் பக்கம் திரும்பினாள்.