மீதி வேப்பிலை விழுது

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், மகனின் குழிமேட்டில் மண்டிய புல்லைப் பிடுங்கிவிட்டு வந்த மரியசூசைக்கு இடுப்பெல்லாம் உண்ணிக்கடி. சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிட்டது. மனைவி ஞானம்மா சோப்புப் போட்டுக் கழுவி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினாள்.

"கல்லறைக் காவக்காரன்கிட்ட எடம் கேட்டியளா?"

"அந்தக் களவாணிப் பயகிட்டயா? எம் மவன் படுத்திருக்க எடம் எனக்குத் தெரியாதா?"

"தெரியலியே. சாயங்காலம் போய்ப் பாத்தேன். அவன் தலைமாட்டுல நான் பதிச்ச சங்கு இன்னும் புல்லுக்குள்ளதான் கெடக்கு. நீங்க புடுங்குனது பக்கத்துக் குழி."

மரியசூசை சொறிவதை நிறுத்தினார். முன்பு வீட்டைவிட்டு அடித்து விரட்டியதற்காக மகனிடம் மன்னிப்புக் கேட்டு, பகல் முழுக்க அந்தக் குழியிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"விழுத மிச்சம் வையி," என்றார். "நாளைக்கும் கடிக்கும்."