இரண்டு மக் அதிகம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கோபத்தில் சொன்னால் ஒன்று கூடும், ஒன்று குறையும். நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஆலையில் கண்ணாடி நாரைப் பொடிப்பொடியாக நறுக்குகிறோம். பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதற்கு உறுதி வரும். அப்படியே அனுப்பினால் பஞ்சாகப் பறக்கும். வாங்குகிறவர்களின் மெஷினில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் டிரம்மில் போட்டு, பசை கலந்த தண்ணீர் ஊற்றி, மிளகு அளவு மணியாக உருட்டுவோம். அதைக் காயவைத்துச் சலிப்பது என் வேலை.

டிரம் ஓட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பேர் மழை அண்ணன். சீட்டில் ஆறு மக் என்று எழுதியிருந்தால் எட்டு ஊற்றுவார். மணி சொதசொதவென்று வரும். காய அரை மணி நேரம் கூடுதல். திட்டு மட்டும் எனக்கு.

"அண்ணே, எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"கை தவறிடுச்சு தங்கச்சி."

"தினமுமா தவறும்? கையா அது, உடைஞ்ச குழாயா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த டிரம்மும் எட்டு மக்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"சார், ஒண்ணு அவரை மாத்துங்க, இல்ல என்னை மாத்துங்க. அவர் ஊத்துற தண்ணிக்கு நான் வாங்கிக் கட்டிக்க முடியாது."

அன்றைக்கே அவரை மூட்டை ஏற்றப் போட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது, இடுப்பில் பெல்ட் கட்டிய ஆள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

புதிதாக வந்தவர் கச்சிதமாக ஆறு மக். மணி சீக்கிரம் காய்ந்தது. சல்லடையில் விழுந்ததும் பாதி உதிர்ந்து புகையாக எழுந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்து, பிறகு விட்டுப்போயிருந்த என் இருமல் மூன்றாம் நாள் திரும்பியது. கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு.

சாப்பாட்டு நேரத்தில் மழை அண்ணனைத் தேடிப் போனேன்.

"அந்த ரெண்டு மக் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நாலு பேர்கிட்ட புலம்புவே, அது மேல போகும். உனக்கு முன்னாடி சல்லடையில நின்ன பொண்ணு இருமுறது தெரிஞ்ச அன்னிக்கே, உடம்பு ஒத்துக்கலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் வீட்டுல நீ ஒருத்திதானே சம்பாதிக்கிறே? அதான் தண்ணி."

இவரை எப்படியாவது திரும்ப டிரம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் சூப்பர்வைசரே சல்லடைக்கு வந்துவிட்டார், கையில் ஒரு தாளோடு.

"என்னம்மா, இப்ப நிம்மதியா? அவரை மூட்டைப் பக்கமே நிரந்தரமா போட்டுடலாம்னு இருக்கேன். புகார் கொடுத்தது நீங்கதான். கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். தொண்டை வரைக்கும் இருமல் வந்து நின்றது.

வாயை இறுக்க மூடிக்கொண்டு, சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.