ஞாயிற்றுக்கிழமை மகள்

"யாரோ ஒரு பொம்பளை நடுப்பாலத்துல உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா, நீயும் கூடவே அவ வீட்டுக்குப் போயிடுவியா? புத்தி கித்தி இருக்காடி உனக்கு?"

போனில் அக்கா கத்தினாள்.

"எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சுக்கா. 'வந்துட்டியா மகளே'ன்னு ஒரே அழுகை. விடவே மாட்டேங்கறாங்க. பின்னாடியே அவங்க வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். 'எங்க பொண்ணு போனதுலேர்ந்து இவளுக்கு நினைவு தடுமாறிடுச்சும்மா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ, அமைதியாயிடுவா'ன்னு கெஞ்சினார். எப்படிக்கா மறுக்கறது?"

"சரி, இனிமே அந்தப் பக்கம் போகாதே."

ஆனால் போனாள்.

நடக்க முடியாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க, கண்காணாத தேசத்துப் பள்ளிக்குத் தொண்டு செய்ய வந்தவள் அவள். வார நாட்கள் ஓடிவிடும். ஞாயிறுதான் நகராது. துவைத்ததையே மறுபடி துவைப்பாள். பாஷையும் அரைகுறை, பேச ஆளில்லை. பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்புவாள்.

அதன்பின் ஞாயிறு என்றால் அந்த வீடுதான். "ஏண்டி இப்படி இளைச்சுட்டே?" என்று அந்த அம்மாள் தட்டை நிரப்புவாள். தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவாள். இவளும் செத்துப்போன மகளாகவே மாறி, "போம்மா, உன்னோட ஆட்டமே வேணாம்" என்று சிணுங்குவாள்.

"தொண்டு செய்யப் போன இடத்துல இது ஓவர்டைமா?" என்று அக்காவே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"பாவம்கா. நான் போகலைன்னா அந்தம்மா உடைஞ்சு போயிடுவாங்க."

ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. அவள் தலைமையாசிரியையிடம் போய் நின்றாள்.

"மேடம், ஒரு உதவி. பாலத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, எனக்குப் பதிலா யாராவது ஞாயித்துக்கிழமை மகளா போக முடியுமா? நினைவு தடுமாறினவங்க, ஏமாந்துடுவாங்க."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? அவங்களுக்குக் குழந்தையே கிடையாதும்மா."

"என்ன சொல்றீங்க?"

"நினைவும் தடுமாறலை. இந்த ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தவங்க. பழைய பசங்க பேரெல்லாம் இன்னிக்கும் மடமடன்னு சொல்லுவாங்க."

"அப்போ... எதுக்கு அந்த நாடகம்?"

"அவங்க ஜன்னல்லேர்ந்து பார்த்தா பாலம் தெரியும். நீ வாராவாரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியையே பார்த்துட்டு நின்னியாம். அன்னிக்கு உன் முகமே சரியில்லைன்னு ஓடி வந்திருக்காங்க. புத்தி சொன்னா போயிடுவே, அழுதா நிப்பேன்னு தோணிச்சாம்" என்று சிரித்தார் அவர். "நீ சும்மா காத்து வாங்க நின்னிருப்பே. அவங்கதான் வீணா பயந்துட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இனி திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் அவள் பாலத்துக்குப் போயிருந்தாள்.